பதினோரு புள்ளிக் கால்வாய்

தெருவில் மொத்தம் நாற்பத்திரண்டு வீடு. வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் நாற்பத்திரண்டு வாசலிலும் ஒரு ஃப்ரிட்ஜ் நின்றது. உள்ளே புகுந்த சேற்றைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு, கதவைத் திறந்தபடி வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். அதே தெருவில் குடியிருக்கிற, இருபது வருஷமாக ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக இருக்கிற அத்தானை, அக்காவின் கணவரை, ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. மூன்று தெரு தள்ளி இன்னொரு மெக்கானிக் கடை உண்டு. “கழட்டத் தெரியும், மாட்டத் தெரியாது” என்று அத்தான் வாய்க்கு வாய் கிண்டல் செய்கிற ஆள். ஃப்ரிட்ஜைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அத்தானின் வாசலைத் தாண்டி, அந்த ஆளிடம்தான் கொண்டுபோனார்கள். அத்தான் ஜன்னலோரம் நாற்காலி போட்டு ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இதை அக்கா பத்து நாள் கழித்துத் தங்கைக்குப் போனில் சொன்னாள். “கேக்குதா, லைன்ல இருக்கியா?” என்று அக்கா இரண்டு தடவை கேட்டாள். இருந்தாள். பேச்சைத் தொடங்கினால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்று பயந்துகொண்டு இருந்தாள்.

புயல் வந்தால் கடல் எவ்வளவு தூரம் ஊருக்குள் ஏறும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது அவளுடைய வேலை. காற்று கடலை நெட்டித் தள்ளிக்கொண்டு வந்து கரைமேல் ஏற்றும். அது எந்தத் தெருவில் முழங்கால் அளவு, எந்தத் தெருவில் கழுத்தளவு என்று முன்கூட்டியே படம் போட்டுத் தர வேண்டும். தண்ணீர் வருகிற இடம் நீலம், வராத இடம் வெள்ளை. பதினாறு வருஷமாக இதே வேலை. அத்தான் அவளை ஜோசியரம்மா என்றுதான் கூப்பிடுவார். “என்ன ஜோசியரம்மா, கடலுக்கு இந்த வாரம் கிரகம் எப்படி?” என்பார். அவள் கோபித்துக்கொள்வதுபோல் நடிப்பாள். அவள் இல்லாத இடத்தில் அவர் பேச்சே வேறு. “டிவில காட்டறாங்களே படம், அது என் மச்சினி போட்டது” என்று தெருவில் நாலு பேரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்கு அன்றைய சாப்பாடு இறங்காது.

டிவியில் வந்த படத்தில் ஊர் தெரியுமே தவிர தெரு தெரியாது. அதனால்தான் புயலன்று காலை எட்டு மணிக்கு அவர் அவளைக் கூப்பிட்டார். எல்லாத் தெருவுக்கும் பஸ் அனுப்பியிருந்தார்கள். ஏறுவதும் ஏறாததும் அவரவர் இஷ்டம்.

“ஜோசியரம்மா, தெருவே என் வாயைப் பார்த்துக்கிட்டு நிக்குது. மூட்டை கட்டணுமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லு.”

அவள் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கடற்கரையை ஒட்டிய மூன்று தெருக்கள் கருநீலம். அக்காவின் தெரு துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி வெள்ளை.

“உங்க தெருவுக்கு ஒரு சொட்டு வராது அத்தான். பேசாம வீட்லயே இருங்க.”

“நிச்சயமா?”

“நான் போட்ட கணக்கு அத்தான்.”

அதை எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறக்கத்தான் முடியவில்லை.

அத்தான் வீடு வீடாகப் போனார். கடைசி வீட்டில் ரிட்டயர்டு டீச்சர் தனியாக இருந்தார். பையைக் கட்டி, குடையையும் எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தார். அத்தான் அந்தப் பையைக் கையிலிருந்து வாங்கினார். “பஸ்ல இடிபட்டு, வெறும் தரையில படுத்து, உங்க முட்டிக்கு இதெல்லாம் தேவையா டீச்சர்? மச்சினியே சொல்லிட்டா, போங்க, உள்ள போய்ப் படுங்க” என்று தானே பையைக் கொண்டுபோய்க் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்தார். பஸ் வந்தது, ஆளில்லாமல் திரும்பியது.

மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தது. எல்லோரும் கடல் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அது கொல்லைப் பக்கமாக, வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிற கால்வாய் வழியாக ஏறி வந்தது. இருபது நிமிஷத்தில் ஜன்னல் உயரம். மாடி இருந்தவர்கள் மாடிக்கு ஓடினார்கள். டீச்சர் வீட்டுக்கு மாடி இல்லை, ஏணிதான். அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஏணி ஏற முடியுமா? அத்தான் கழுத்தளவு தண்ணீரில் போய்க் கதவை இடித்தார். தண்ணீர் அழுத்தியதில் கதவு அசையவில்லை. கடப்பாரை தேடி எடுத்து வந்து உடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆபீஸில் எல்லோரும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். காற்று நாம் நினைத்ததைவிடப் பலமாக அடித்துவிட்டது, யார் என்ன செய்ய முடியும் என்றார்கள். அவளும் அதைத்தான் நம்ப விரும்பினாள். ஒரு வாரம் கழித்து, உண்மையில் அடித்த காற்றையே, கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர் மாடலுக்குக் கொடுத்து மறுபடி ஓட்டினாள். ஓடி முடிந்த படத்தில் அக்காவின் தெரு அப்போதும் வெள்ளையாகவே இருந்தது.  ஜன்னல் உயரத் தண்ணீர் வந்த தெரு, கம்ப்யூட்டருக்கு மட்டும் எப்படி ஈரமே படாமல் இருக்கும்?

கடலையும் கரையையும் அந்த மாடல் முக்கோணங்களால் ஆன ஒரு வலையாகப் பார்க்கும். நடுக்கடலில் ஊர் அளவுக்கு ஒரு முக்கோணம், கரைக்கு வர வர வீட்டு அளவுக்கு. ஒவ்வொரு முக்கோணத்தின் மூலையும் ஒரு புள்ளி. அந்த இடம் எவ்வளவு மேடு அல்லது பள்ளம் என்று அங்கே ஓர் எண். முக்கோணம் சிறுக்கச் சிறுக்கக் கணக்கு மெதுவாகும். ரொம்பச் சிறுத்துவிட்டால் எண்கள் தறிகெட்டுப் போய், தெருவில் நானூறு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று உளறிவிட்டு நின்றுவிடும். “வெடிச்சுடுச்சு” என்பார்கள் ஆபீஸில். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இப்படித்தான் ஓரிடத்தில் வெடித்துக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை புயல் எச்சரிக்கை ஒத்திகை. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுக் காற்று நிலவரம் வரும். அதற்குள் படம் தயாராக வேண்டும். வெடிக்கிற இடத்தைத் தேடிப் பார்த்தாள். பதினோரு புள்ளிகள், ஒல்லியான ஒரு பள்ளம். அந்தப் பதினோரு எண்களையும் பக்கத்து மேட்டின் உயரத்துக்குச் சமமாக்கினாள். மாடல் சமர்த்தாக ஓடியது. கோப்பில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தாள்: “தற்காலிகம். பிறகு சரி செய்ய வேண்டும்.”

அந்தப் பதினோரு புள்ளிகள்தான் கால்வாய். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதன் ஓரமாகத்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பாள். “இந்தச் சாக்கடையை யாராவது மூடித் தொலைச்சா என்ன?” என்று அக்காவிடம் எத்தனையோ தடவை சலித்துக்கொண்டிருக்கிறாள். மூடியதே தான்தான் என்று தெரியாமல் சலித்துக்கொண்டிருக்கிறாள். திரையில் கால்வாய்க்கு நாற்றம் கிடையாது, பேர் கிடையாது. எண்கள்தான் உண்டு.

ஆபீஸ் இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்ட மனிதரில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“நாற்பது லட்சம் பேர் இந்தப் படத்தை நம்பித்தாம்மா வீட்டை விட்டுக் கிளம்பறாங்க. அந்த நம்பிக்கை ஒரு தடவை போச்சுன்னா போனதுதான். அறிக்கையில முறைப்படி எழுதிடலாம், விடுங்க.”

அறிக்கை வந்தது. அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: “உட்பகுதி நீர்வழிகள் சிலவற்றின் வடிவமைப்பு மேம்படுத்தப்பட்டது.” மேம்படுத்தினார்களாம்! அதைப் படித்துவிட்டு ஒரு மனுஷி நிம்மதியாக மூச்சுவிட்டாள் என்றால் யாரைத்தான் நொந்துகொள்வது? விட்டாள். விட்ட அதே மூச்சில் தன்னைத்தானே காறித் துப்பவும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. அக்கா வாளியும் பிரஷ்ஷுமாக அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வந்தவளைப் பார்த்ததும் பிரஷ்ஷைக் கீழே போட்டாள்.

“தெருவுல எல்லாரும் வந்து கேட்டாங்க, உங்க மச்சினி சொன்னாங்கன்னுதானே சொன்னீங்கன்னு. இந்த மனுஷன் என்ன சொல்லிட்டு வந்து உக்காந்திருக்கார் தெரியுமா? ‘அன்னிக்கு அவ போனே எடுக்கல, கேட்டேன்னு நான்தான் சும்மா அளந்து விட்டேன்’னு. உன் பேர் கெட்டுடக் கூடாதாம். உன் வேலைக்கு ஏதாச்சும் வந்துடுமாம்.”

அத்தான் ஜன்னலோரத்தில்தான் இருந்தார். “நீ சும்மா இரு” என்று அக்காவை அடக்கினார். “கடல் யார் பேச்சைக் கேட்டுச்சு? காத்து கூடுதலா அடிச்சா இவ என்ன பண்ணுவா?”

“காத்து இல்ல அத்தான்” என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை, ஒத்திகை, பதினோரு புள்ளி, தற்காலிகம். சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்த பழைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“கொல்லைக் கால்வாயா?”

“ஆமா.”

“இவ்வளவு அகலம் இருக்கே. அதையா அழிச்சே?”

“அது அதுதான்னு எனக்குத் தெரியல அத்தான்.”

“மூணு வருஷமாவா?”

அவள் தலையாட்டினாள். அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். மதிலைப் பிடித்துக்கொண்டு கால்வாயையே பார்த்தபடி வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது. “சாயங்காலம் ஸ்கூல் ஹால்ல தெருக்காரங்க கூட்டம், வெள்ளத்தைப் பத்தி. உங்க ஆபீஸ்லேருந்தும் வர்றாங்களாம்.”

“தெரியும். நானே எந்திரிச்சு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்.”

சொல்லு என்றும் அவர் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “முதல்ல சாப்பிடு” என்றார்.

ஹாலில் நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். மேடையில் இயக்குநர். அத்தானுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. அவள் அதில் உட்கார்ந்தாள். டீச்சரின் மகள் வெளியூரிலிருந்து வந்திருந்தாள். அழாமல், மைக் இல்லாமலே பேசினாள்.

“எங்கம்மா கிளம்பி வாசல்ல நின்னாங்க. பையோட நின்னாங்க. அந்தப் பையைத் திரும்ப உள்ள கொண்டுபோய் வெச்சது யாரு? யார் சொல்லி வெச்சாங்க? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்.”

 இதுதான் நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் பக்கத்திலிருந்து அத்தான் எழுந்து நின்றார்.

“நான்தான்மா. யாரும் சொல்லல, என் வாய்ச் சவடால்தான். படத்தைப் பார்க்காமலே பார்த்த மாதிரி சொன்னேன்.”

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மேடையிலிருந்து இயக்குநர் ஒருமுறை அவளைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ “இவரை நம்பினோமே” என்றார்கள். டீச்சரின் மகள் அத்தானை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் அவர் உடனே உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அப்படியே நின்றார். பிறகுதான் உட்கார்ந்தார்.

காரணமா இல்லை? மனுஷருக்குக் காரணம் கிடைக்காத நாள் உண்டா? இப்போது சொன்னால் படத்தின்மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும், அடுத்த புயலில் யாரும் கிளம்ப மாட்டார்கள், இன்னும் பத்து உயிர் போகும் என்று அவள் தனக்குத்தானே எடுத்துச் சொன்னாள். இயக்குநர் சொன்னதையே தன் குரலில் சொல்லிக்கொண்டாள். அது பொய்யும் இல்லை. அதுதான் வசதியாகப் போய்விட்டது.

அதன் பிறகு வந்த மாதங்களில் அவள் வேறெந்த வேலையும் பார்க்கவில்லை. கால்வாயைத் திறந்தாள். கண் எரிய எரிய உட்கார்ந்து, வெடிக்க வெடிக்க மறுபடி ஓட்டி, பதினோரு புள்ளி இருந்த இடத்தில் இருநூறு புள்ளி வைத்தாள். கால்வாயின் ஒவ்வொரு வளைவும் திரையில் வந்துவிட்டது. ஊரிலிருந்த மற்ற கால்வாய்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் போய், கயிறு கட்டி ஆழம் அளந்து சேர்த்தாள். மாடல் நேர்மையாக ஆகிக்கொண்டே வந்தது. அவளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இன்று தெருவில் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். போனால் அத்தான் இருக்க மாட்டார். ஊரின் மறுகோடியில் வேலை தேடிக்கொண்டு, டூல் பையோடு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தார். அக்கா அவளுக்கு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். வா என்பாள், போ என்பாள், நடுவில் எதுவும் இருக்காது. ஒரு நாள் தட்டை வைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல், “அவர் யார்கிட்டயும் ஜோக் அடிக்கறதே இல்ல இப்பல்லாம்” என்றாள். அடுத்த வாரம் கட்டாயம் சொல்லிவிடுவது என்று அன்றைக்கு முடிவெடுத்தாள். அடுத்த வாரம் வேறொரு வாரமாகப் போனது.

மறுவருஷம் புயல் வந்தது. இந்தத் தடவை தெருத்தெருவாகப் படம் எல்லோருடைய போனுக்கும் போனது. அக்காவின் தெரு கருநீலம். இரண்டு மணிக்குத் தண்ணீர், ஆள் உயரம் வரும் என்றது படம். பத்து மணிக்கே பஸ்கள் வந்து நின்றன. பதினொன்றரைக்குத் தெரு கிட்டத்தட்டக் காலி, ஒரே ஒரு பஸ்தான் பாக்கி என்று ஆபீஸுக்குத் தகவல் வந்தது. இயக்குநர் அவள் மேஜைக்கே வந்து, “பார்த்தீங்களா, நம்பறாங்க” என்றார். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். அத்தனை மாதம் கழித்து அக்காவாகவே கூப்பிடுகிறாள்.

“கடைசி பஸ்ல உக்காந்திருக்கேன். இவர் ஏற மாட்டேங்கறார். டெய்லர் கடை வாசல்லயே நிக்கறார்.”

தெருமுனை டெய்லர் வயசானவர், தனி ஆள். பட்டன் போன்தான் வைத்திருந்தார், படம் வராது. அத்தான் போய்க் கிளம்பச் சொல்லியிருக்கிறார். டெய்லர் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவேயில்லையாம். “நீ இருன்னு சொன்ன அன்னிக்குத் தண்ணி வந்துச்சு. இன்னிக்குப் போங்கற. அப்ப இருக்கறதுதான்யா நல்லது” என்று சிரித்தாராம். டிரைவர் சொல்லியும் கேட்கவில்லை. “நீங்க வராம நான் நகர மாட்டேன்” என்று அத்தான் நின்றுவிட்டார்.

அவள் அத்தானின் போனுக்கு அடித்தாள். முதல் தடவை தப்பாக அழுத்திவிட்டாள்.

“போனை அவர்கிட்ட குடுங்க அத்தான்.”

“எதுக்கு?”

“குடுங்க, சொல்றேன்.”

காற்றின் இரைச்சல், பிறகு டெய்லரின் குரல்: “யாரு?”

இயக்குநர் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். அறையில் பன்னிரண்டு பேர். அவள் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

“ஐயா, நான் அவரோட மச்சினி பேசறேன். கடல் படம் போடறவ. போன தடவை அவர் என்கிட்ட கேட்டார். நான்தான் தண்ணி வராது, வீட்லயே இருங்கன்னு சொன்னேன். அவர் பொய் சொல்லல. கொல்லைக் கால்வாயை என் கணக்குல இருந்து நானே அழிச்சிருந்தேன், அவசரத்துக்கு. அதனாலதான் தப்பாச்சு. டீச்சர் போனதுக்குக் காரணம் நான். அவர் என் பழியைத் தூக்கிட்டு அலையறார்.”

 டெய்லர் நிதானமாகக் கேட்டார்: “சரிம்மா. அப்ப இன்னிக்கு மட்டும் சரியாப் போட்டிருக்கேன்னு நான் எதுக்கு நம்பணும்?”

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவள் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது அது நேரே வந்து நின்றபோது பயமே வரவில்லை.

“என்னை நம்ப வேணாம் ஐயா. தண்ணி வரலைன்னா நடுத்தெருவுல நிக்க வெச்சுக் கேளுங்க. ஆனா நீங்க வராம அவர் அங்கேருந்து அசைய மாட்டார். நம்பறதுன்னா அவரை நம்புங்க.”

கொஞ்ச நேரம் கழித்து ஷட்டரை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. “ஒரு வருஷமா இந்த ஆள்கிட்ட ஒரு பட்டன்கூடத் தெச்சுக் குடுக்க மாட்டேன்னு சொல்லி வெச்சிருந்தேனே” என்று டெய்லர் யாரிடமோ முணுமுணுத்தார். போன் கை மாறியது. இரண்டு பேரும் காற்றுக்கு எதிராக நடக்கிற மூச்சு கேட்டது. அக்காவின் குரல், டிரைவரின் குரல், பஸ் கதவு மூடும் சத்தம்.

அவள் போனின் திரையைப் பார்த்தாள். டெய்லரிடம் அவள் சொன்னதற்கு ஒரு நிமிஷம்கூடப் பிடித்திருக்காது. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் அத்தான் ஒரு வருஷமாகச் சுமந்திருக்கிறார்.

“அத்தான், உக்காந்துட்டீங்களா?”

“உக்காந்துட்டேன். அவரும் பக்கத்துலயே உக்காந்திருக்கார்.”

“என்னை மன்னிச்சிடுங்க அத்தான்.”

 பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிற சத்தம் கேட்டது.

“அன்னிக்கு ஹால்ல எந்திரிச்சு நின்னேன் இல்ல” என்றார். குரலில் கோபமே இல்லை. “நீ என் கையைப் பிடிச்சு உக்கார வெச்சுடுவேன்னு நெனச்சுதான் நின்னேன்.”